தவறான விடையையும் கேட்டறிவோம்



ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் முதன்முறையாகச் செயலாய்வு மேற்கொண்டபோது நான் இழைத்த பிழையொன்றைப் பகிர்ந்துகொள்ள விழைகின்றேன். உளமதிப்பீட்டில் பண்புசார் ஆய்வைப் புதிதாகத் தொடங்குவோர்க்கு இது பயன்படக்கூடும்.

பயிற்றுப்பணியின்போது, இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் கழித்தல் கணக்குகளில் தொடர்ந்து தவறினான். அவனை அழைத்து, "கணக்கு என்றால் பயமா, தம்பி?" என வினவினேன். "ஆமாம், டீச்சர்" என்றான். 'கணிதப் பயம்' என்று குறிப்பேட்டில் எழுதி, ஆய்வுக்கு முடிவு கிடைத்ததென மகிழ்ந்தேன்.

குறிப்பைப் படித்த விரிவுரையாளர், "இந்தச் சொல் மாணவனுடையதா, உங்களுடையதா?" என்று கேட்டார். நாணிப்போனேன். மறுநாள் அவனிடம் 42 - 17 என்னும் கணக்கைக் கொடுத்து, "சொல்லிக்கொண்டே செய்" என்றேன். 35 என்று எழுதினான்.

"ஏழுல ரெண்டு போனா அஞ்சு. நாலுல ஒன்னு போனா மூனு. பெரிய நம்பர்லேருந்துதான் சின்ன நம்பரக் கழிக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க, டீச்சர்!"

அவனிடம் பயமே இல்லை. நான் சொன்ன விதியை அப்படியே பின்பற்றியிருக்கிறான்.

உளவியலறிஞர் ஜீன் பியாஜே, 1920ஆம் ஆண்டு வாக்கில் பாரிசில் சிறுவர்க்கான சோதனைகளைச் சீரமைக்கும் பணியில் இருந்தார். சரியான விடைகளை எண்ணுவதைவிட, தவறான விடைக்குப் பின்னிருந்த சிந்தனையே அவரை ஈர்த்தது. பிள்ளைகளோடு உரையாடி அறியும் அவரது முறை அங்கிருந்தே வளர்ந்தது.

புதியவர்கள் பின்வருவனவற்றை மனத்தில் கொள்ளலாம்.

1. பெற்றோர், தலைமையாசிரியர் ஆகியோரின் இசைவைப் பெறுங்கள். ஆய்வறிக்கையில் மாணவரின் உண்மைப் பெயர் வேண்டா.

2. 'ஆம்', 'இல்லை' என்னும் விடையைத் தூண்டும் வினாக்களைத் தவிருங்கள். ஆசிரியர் கேட்டால் பிள்ளைகள் பெரும்பாலும் 'ஆமாம்' என்றே சொல்லிவிடுவர்.

3. மாணவர் சொன்னதைச் சொன்னபடியே அன்றே எழுதுங்கள். உங்கள் கருத்தைத் தனிப் பத்தியில் எழுதுங்கள்.

4. நேர்காணலை மட்டும் நம்பாதீர். பயிற்சிப் புத்தகத்தையும் வகுப்பறை உற்றுநோக்கலையும் அதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

5. நீங்கள் புரிந்துகொண்டதை மாணவரிடமே சொல்லி, சரிதானா எனக் கேளுங்கள்.

6. ஒரு மாணவரிடம் கண்டதை எல்லாருக்கும் பொருத்தாதீர், நோய்ப்பெயர் சூட்டாதீர். ஐயமிருப்பின் தகுதிபெற்ற உளவியலாளரை நாடுங்கள்.

2021இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டபின், வகுப்பறை மதிப்பீட்டில் ஆசிரியர் எழுதும் குறிப்புக்கு மதிப்பு கூடியுள்ளது. அன்று நான் எழுதிய இரண்டு சொற்கள் அப்படியே நின்றிருந்தால், 'கணக்குக்குப் பயந்தவன்' என்ற பெயர் அச்சிறுவனை ஆண்டுதோறும் தொடர்ந்திருக்கும். கற்பித்தலைத் திருத்திக்கொள்ள வேண்டியவள் நானாக இருந்தேன்.

பெற்றோர்களே, இன்றிரவு பிள்ளையின் தேர்வுத்தாளைப் பார்க்கும்போது, "ஏன் தவறு செய்தாய்?" என்று கேளாமல், "இதை எப்படிச் செய்தாய்?" என்று கேட்டுப் பாருங்கள். பிறகு சற்றுப் பொறுமையாகக் காத்திருங்கள்.