மூடியில்லா விளக்கு

பழைய பேப்பர் கடைக்குப் போயிருக்க வேண்டிய ஹார்லிக்ஸ் பாட்டில்களுக்கு இப்போது சென்னைக் காபிக் கடைகளில் தனி மரியாதை. உள்ளே சீரியல் செட்டைச் சுருட்டிவைத்து, கழுத்தில் சணல் சுற்றி, உத்தரத்திலிருந்து தொங்கவிட்டிருக்கிறார்கள். ஊறுகாய்ப் பாட்டிலில் ஒன்று, ஜாம் பாட்டிலில் ஒன்று. பார்க்கக் குஷியாகத்தான் இருக்கிறது. இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று ஒரு கடைக்காரரிடம் கேட்டதற்கு, "அமெரிக்காவுல மேசன் ஜார்னு ஒண்ணு இருக்கு சார், அதுலதான் எல்லாம் ஆரம்பிச்சுது" என்றார். அந்த உறுதி எனக்கு உறுத்தியது. யாழ்ப்பாணத்தில் பெரியம்மா ஜாம் போத்தலில் விளக்குக் கொளுத்தியதாக அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். அதற்கு மேல் எதுவும் ஞாபகமில்லை.

இருந்தாலும் மேசனை விசாரிக்காமல் விடுவது நியாயமில்லை. ஜான் லாண்டிஸ் மேசன் ஒரு தகர வேலைக்காரர். கண்ணாடிப் பாட்டிலின் கழுத்தில் மரை வார்க்கும் முறைக்காக 1858 நவம்பர் 30 அன்று அவர் வாங்கிய காப்புரிமையின் எண் 22186. மரை போட்ட பாட்டில்கள் அதற்கு முன்பும் இருந்தன. மேசனின் சாமர்த்தியம் அந்த மரையைத் தோளுக்குக் கொஞ்சம் மேலேயே மங்கவிட்டு நிறுத்தியதில் இருக்கிறது. மூடி இறங்கிவந்து தோளில் அழுத்தமாக உட்காரும். பழமும் காய்கறியும் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும்.

அடுத்த ஆண்டு ஆகஸ்டிலேயே பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில்லில் எட்வின் டிரேக்கின் கிணற்றில் எண்ணெய் கிடைத்தது. மண்ணெண்ணெய் மலியத் தொடங்கியது. திருகு பாட்டிலும் மலிவு எண்ணெயும் அடுத்தடுத்து வந்திருக்கின்றன. இரண்டையும் ஒரு திரியால் கோத்துவிட்டால் கட்டுரை முடிந்தது என்று எனக்கும் ஆசை வந்தது. காப்புரிமைத் தாள் இடம் கொடுக்கவில்லை. மேசனின் கவலை முழுக்க உள்ளே காற்றுப் போகக் கூடாது என்பதுதான். காற்றில்லாமல் விளக்கு எப்படி எரியும்? பல நாள் அந்தத் தாளையே திருப்பித் திருப்பிப் பார்த்ததில் மூடியைப் பற்றி நிறையத் தெரிந்துகொண்டேன், விளக்கைப் பற்றி ஒன்றுமில்லை.

பாட்டிலை அலங்கார விளக்காக்கிப் பெயர் வாங்கியவர் யார் என்று பார்த்தால், பாதை நெதர்லாந்துக்குத் திரும்புகிறது. டேயோ ரெமி என்ற வடிவமைப்பாளர் 1991இல் பன்னிரண்டு பால் பாட்டில்களை, பால்காரரின் கூடையில் அடுக்கியது போல வரிசைக்கு மூன்றாக நான்கு வரிசை கட்டி, தரைக்குச் சற்று மேலே தொங்கவிட்டார். ஒவ்வொன்றிலும் ஒரு பல்பு. இரண்டு ஆண்டு கழித்துத் தொடங்கிய திரோக் என்ற டச்சு வடிவமைப்புக் குழு அந்த விளக்கை உலகமெங்கும் கொண்டுபோனது. குறும்பும் எளிமையும் கலந்த, நல்ல வேலை. ஆனால் வருடம் என்னைத் தடுத்தது. ரெமி பால் பாட்டில்களைத் தொங்கவிட்ட அதே காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாடு இருட்டில் கிடந்தது. 1990இல் மறுபடி போர் மூண்டபின் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் தடைப் பட்டியலில் சேர்ந்து, கிடைத்தாலும் யானை விலை.

பெரியம்மாவிடமிருந்து இதைப் பற்றி ஒரு வார்த்தை வாங்குவது லேசில்லை. போனில் கேட்டால் பேச்சு பேரப்பிள்ளைகளுக்குப் போய்விடும். நேரில் போய் முற்றத்தில் உட்கார்ந்து கேட்டபோதும், "அதையேன் இப்ப கிளறுறாய் பிள்ளை?" என்றார். காபிக் கடையில் எடுத்த படத்தைக் காட்டி, எவ்வளவு அழகாக இருக்கிறது பாருங்கள் என்றேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "வடிவுக்கோ? வடிவுக்கு ஆர் கொளுத்தினது? உன்ர அக்கா ஓ.எல். சோதினைக்குப் படிச்ச விளக்கடா அது. விடிய எழும்பினா மூக்கெல்லாம் கரி."

கோபத்தோடுதான் எழுந்து போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு ஜாம் போத்தலும், பஞ்சும், பழைய சைக்கிள் டியூபிலிருந்து பிடுங்கிய வால்கட்டையும் இருந்தன.

போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டார். தளும்ப விடக் கூடாதாம். போத்தல் சரிந்தாலும் ஒரு சொட்டு வெளியே வராது. வால்கட்டைக்குள் நூல்திரியைக் கோத்து, கம்பியால் பிடித்து, பஞ்சின் மேல் நிமிர்த்தி வைத்தார். நீளக் குச்சியால் கொளுத்தியதும் சுடர் போத்தலுக்குள்ளேயே நின்றது. கண்ணாடியே சிம்னி. வேப்பமரத்துக் காற்று அடித்தும் அணையவில்லை. வேண்டுமென்றே நான் மூடியைப் பாதி வாய்க்கு மேல் வைத்துப் பார்த்தேன். சுடர் ஒடுங்கியது, புகை கறுப்பாகச் சுருண்டது. "மூடியை எடடா" என்று கையில் ஒரு தட்டு.

அதுவரை பாட்டிலின் பூர்வீகத்தைத் தேடிக்கொண்டிருந்தவன் அந்தத் தட்டுக்குப் பிறகு மூடியைத் தேட ஆரம்பித்தேன்.

இலங்கையிலேயே இன்னொரு மூடிக்கதை கிடைத்தது. மின்சாரம் எட்டாத வீடுகளில் மருந்துக் குப்பியிலும் சாராயப் போத்தலிலும் மண்ணெண்ணெயை நிரப்பி, தகரத்தில் ஓட்டை போட்டுத் திரி செருகி எரிப்பது வழக்கமாக இருந்தது. குப்பி ஒல்லி, மூடி சும்மா உட்கார்ந்திருக்கும். பூனை தட்டினாலும் உருண்டு, எண்ணெய் கொட்டித் தீப்பிடிக்கும். இப்படி வெந்து வந்தவர்களுக்கு மருத்துவம் பார்த்த அறுவை சிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, 1990களின் தொடக்கத்தில் இதற்கு மாற்று தேடினார். வழி காட்டியது மார்மைட் போத்தல். குள்ளம், கனம், லேசில் கவிழாது. அதைப் பின்பற்றி அவர் உருவாக்கிய 'சுதீப' விளக்குக்குக் கனத்த கண்ணாடி. விழுந்தாலும் உருளாதபடி இரண்டு பக்கம் தட்டை. எண்ணெய் கொட்டாதபடி மரை போட்ட உலோக மூடி. 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. பழத்துக்காக மேசன் இறுக்கிய மரை இங்கே உயிரைக் காக்க வந்து நிற்கிறது. மேசனை நான் முழுதாகத் தள்ளிவிட முடியாமல் போனது இந்த இடத்தில்தான்.

அலங்கார விளக்கிலும் மூடிக்கு வேலை உண்டு. ஸ்பெயினின் ஆல்வரோ கத்தலான் தெ ஓகோன் 2012 வாக்கில் கொலம்பியாவின் கைவினைஞர்களோடு சேர்ந்து செய்த 'பெட்' (PET) விளக்கில், பிளாஸ்டிக் பாட்டிலின் அடியை வெட்டி எறிந்து, உடலை நீளக் கீற்றுகளாகக் கிழித்து, அவற்றையே பாவாக வைத்துக் கூடை முடைவது போல நிறநிறமாகப் பின்னுகிறார்கள். கழுத்தும் மூடியும் மட்டும் அப்படியே இருக்கின்றன. ஒயரையும் கூட்டையும் சேர்த்துப் பிடிப்பது அவைதான்.

பெரியம்மாவின் விளக்கைப் பார்த்துவிட்டு வீட்டில் செய்ய நினைப்பவர்கள் மண்ணெண்ணெய்ப் பக்கம் போக வேண்டாம். எல்.இ.டி. சரம் போதும், பழைய குண்டு பல்பு வேண்டவே வேண்டாம். மூடிய பாட்டிலுக்குள் அதன் சூடு போக வழியில்லை. ஒயரை மூடி வழியாக இறக்குவதென்றால் ஓட்டையின் விளிம்பை அரத்தால் தேய்த்து, ரப்பர் வளையம் ஒன்று செருகிவிடுங்கள். வெட்டுத் தகரம் ஒயரை அறுத்துவிடும்.