பெண்ணையாற்றங்கரையில் ஒரு வாடகைக் கணக்கு

திருவண்ணாமலையில் பேருந்து ஏறி, வாணாபுரத்தைக் கடந்து, தென்பெண்ணையாற்றின் அக்கரை சேர்ந்தால் மூங்கில்துறைப்பட்டு. பெயரிலேயே மூங்கிலும் ஆற்றுத்துறையும் அமைந்த ஊர். மேலே சாத்தனூர் அணை. மேற்கே கல்வராயன் மலைத்தொடர். ஊரைச் சுற்றிலும் கரும்பு. இங்குள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலையால் இவ்வூரின் பெயர் வெளியூர்களிலும் அறியப்பட்டிருக்கிறது. முன்பு விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த ஊர், 2019-இல் கள்ளக்குறிச்சி மாவட்டம் உருவானபோது அதனுடன் சேர்ந்தது.

ஆற்றங்கரை அழகைக் காணச் சென்ற நம்மைப் பேருந்து நிறுத்தத்தில் கண்ட ஒரு குடும்பம் வேறு சிந்தனையில் ஆழ்த்திவிட்டது. கணவர் கொத்தனார், மனைவி வீட்டு வேலை செய்பவர், கையில் ஒரு சிறுமி. அரிசி மூட்டையுடன் சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்தனர்.

"ஊருல சொந்த வீடு பூட்டிக் கெடக்குதுங்க ஐயா. அங்கே ஒத்தை ரூமுக்கு வாடகை கொடுக்கிறோம்" என்றார் கணவர்.

கணக்கைக் கேட்டோம். வேலை நன்றாக நடக்கும் மாதத்தில் இருவர் வருமானமும் சேர்ந்து 24,000 ரூபாய். வாடகை 7,500, மின்சாரமும் தண்ணீரும் 1,500. ஆக, 9,000 ரூபாய் இருப்பிடத்துக்கே போகிறது. வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குள் வீட்டுச் செலவு அடங்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். அது இங்கே நல்ல மாதத்திலேயே மீறப்படுகிறது. மழைக்காலத்தில் வருமானம் 15,000 ஆகக் குறையுமாம். மழைக்குக் கட்டட வேலை நிற்கும்; வாடகை நிற்குமா?

முதலில் சைதாப்பேட்டை, பிறகு வேளச்சேரி, இப்போது மேடவாக்கம். வாடகை உயர உயர நகரின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டிருக்கின்றனர். சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணமில்லை என்பது மனைவிக்கு ஆறுதல். ஆனால் கணவரின் பயணச் செலவும், இருவரும் வழியில் இழக்கும் நேரமும் வாடகையில் மிச்சமானதை விழுங்கிவிடுகின்றன.

"அட்வான்ஸு அஞ்சு மாசம் கேட்டாங்க. என் தோட்டை அடகு வச்சுத்தான் கொடுத்தோம்" என்றார் அந்த அம்மையார். எழுத்தில் ஏதேனும் உண்டா என்றோம். வாய்ச்சொல்தானாம்.

நாம் வருந்தியது இங்கேதான். 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாகத் தமிழ்நாட்டில் 2017-இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். வேறு உடன்பாடு இல்லாவிடில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறலாகாது. தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தி இடர் தரலாகாது என்பன அதன் விதிகள். அந்த மூன்று மாதக் கணக்குப்படி இவர்கள் கொடுத்திருக்க வேண்டியது 22,500 ரூபாய், கொடுத்ததோ 37,500. தோட்டை ஒருவேளை அடகு வைக்காமலே இருந்திருக்கலாம். எனினும், "வேறு உடன்பாடு" என்னும் சொற்களையும் கவனிக்க வேண்டும். படிக்காமல் கையொப்பமிடுவோர் அந்தப் பாதுகாப்பைத் தாமே இழந்துவிடக் கூடும்.

நம் குடும்பங்களில் வாடகைக்கு இருப்போரும் உண்டு. வீட்டை வாடகைக்கு விட்டு, அந்த வருவாயில் முதுமையைக் கழிப்போரும் உண்டு. இரு சாராருக்கும் எழுத்து ஒப்பந்தமே துணை. பிள்ளைகளைப் பட்டணத்துக்கு அனுப்பும் பெற்றோர், பயணப் பையில் அரிசியோடு இந்த அறிவையும் வைத்தனுப்பினால் நலம்.

பேருந்து வந்தது. சிறுமி சன்னலோரம் அமர்ந்து கையசைத்தாள். அவள் தாயின் இடுப்பில் பூட்டிய வீட்டின் சாவி தொங்கிக்கொண்டிருந்தது.