கால் முதலில், கம்பு பிறகு

அக்காவின் மகனுக்குத் தற்காப்புக் கலை பழக்க இடம் தேடித்தான் திருகோணமலை நகரில் அந்தப் பாடசாலை மண்டபத்துக்குப் போனேன். வெள்ளை உடுப்பில் பிள்ளைகள் வரிசையாக நின்று கராத்தேக் கட்டா செய்துகொண்டிருந்தார்கள். துறைமுகத்து உப்புக் காற்றில் வியர்வை காயவே இல்லை. ஷோட்டோகான், கோஜு-ரியூ, ஷிட்டோ-ரியூ, வாடோ-ரியூ என்று ஜப்பானியக் கராத்தேயில் பெரிய பாணிகள் நான்கு. இவற்றில் எது நல்லது என்றுதான் பெற்றோர் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். நான் தரையைப் பார்த்தேன். சீமெந்துத் தரை. நின்று குத்தவும் உதைக்கவும் அது போதும், ஜூடோவுக்கு ஆகாது. 1882இல் ஜிகோரோ கானோ தொடங்கிய அந்தக் கலையில் முதற்பாடமே விழப் பழகுவதுதான். மெத்தை விரிக்காமல் யாராவது அதைப் பழக்குகிறேன் என்றால், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்துவிடுங்கள்.

அடுத்தது, அடி எங்கே நிற்கிறது என்பது. ஆசிரியர் இரண்டு பேரை எதிரெதிரே விட்டார். பெரியவனின் குத்து சின்னவனின் மூக்குக்கு ஒரு விரல் முன்னே நின்றது. ஒரு தடவை நிற்கவில்லை. உடனே ஆட்டத்தை நிறுத்தி, பெரியவனை வெளியே இருத்தினார். எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது அப்போதுதான். மாதக் கட்டணத்தோடு பெல்ட் பரீட்சைக்கு எவ்வளவு என்பதையும் கேட்டுக்கொண்டேன். கேட்கக் கூச்சப்படத் தேவையில்லை.

பிறகு கிண்ணியா. 2009இல் பாலம் திறக்கும்வரை பாதைப் படகில் ஏறிப் போன ஊர். கிழக்கு முஸ்லிம் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் தற்காப்புக் கலைகளான சீனடியும் சிலம்படியும் அங்கே இருக்கின்றன. பழக்குபவர் அண்ணாவி. பெயர்ப்பலகை இல்லை, பெல்ட் இல்லை. வளவு மணல்தான் மண்டபம்.

அண்ணாவியாருக்கு எழுபது தாண்டியிருக்கும். சலாம் வரிசை எடுத்துவிட்டுக் கம்பைச் சுழற்றினார். காற்றுக் கிழிகிற சத்தம் கேட்டது, கம்பு கண்ணுக்குப் பிடிபடவில்லை. நான் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கால் புதையும் மணலில் குதி படாமல், முன்பாதத்தில் நின்று நின்று மாறினார்.

“மணல்ல பழகின கால் சீமெந்துல பறக்கும். கம்பைப் பிறகு பாப்பம், முதல்ல கால் நிக்கணும் மகன்” என்றார் மருமகனிடம்.

“கம்பு கைக்கு வர எவ்வளவு காலம் செல்லும் அண்ணாவியார்?” என்று கேட்டேன்.

“அத இவர்ர கால்தான் சொல்லணும்.”

பாடசாலைப் போட்டி, பதக்கம் என்று பார்த்தால் கராத்தேக்குத்தான் வழி திறந்திருக்கிறது. சீனடிக்குக் கல்யாண வீடும் பெருநாளும்தான் மேடை. பிள்ளைகள் நகரத்து வகுப்புகளுக்குப் போவதில் வியப்பில்லை. நம் மாவட்டப் பாடசாலைகள் சீனடியைப் பின்னேர விளையாட்டாகச் சேர்க்க வேண்டும். அண்ணாவிமார் கம்பு பிடிக்கத் தெம்போடு இருக்கும்போதே சேர்க்க வேண்டும்.

மருமகன் கராத்தேயில் சேர்ந்தான். சனிக்கிழமைகளில் கிண்ணியாவுக்கும் வரட்டுமா என்று அண்ணாவியாரிடம் அவனே கேட்டான். வரலாம், ஆனால் தகப்பன் வந்து பேச வேண்டும் என்றார். அத்தான் அடுத்த கிழமை போகிறார்.