விஸ்கிக் கோட்டையைத் தேடிச் சென்ற படை

கனடா தேசத்தின் படத்தை விரித்து வைத்து, மனிற்றோபா மாகாணத்தின் தென் எல்லையிலுள்ள எமர்சன் என்னும் சிற்றூரின்மீது விரலை வையுங்கள். அங்கிருந்து ஐக்கிய அமெரிக்காவின் எல்லையை ஒட்டியவாறே நேர் மேற்காக, ரொக்கி மலைத்தொடரின் அடிவாரத்தை நோக்கி நகர்த்துங்கள். சற்றேறக்குறைய 800 மைல். இன்று அவ்வழியிற் பெரும்பகுதி கோதுமை விளையும் பூமி. 1874ஆம் ஆண்டில் அதனைக் கடந்து சென்ற ஒரு பொலிஸ் படையின் பயணத்தையே நாம் இங்கு கூற எடுத்துக்கொண்டோம்.

அப்பெருநிலம் 1870இல்தான் கனடா அரசின் கைக்கு வந்தது. ஆள்வோர் பெயரளவில் இருந்தனரேயன்றி, அங்கே சட்டத்தை நடத்துவார் எவருமிலர். தெற்கே மொன்றானாவிலிருந்து வந்த வணிகர்கள் விஸ்கியைக் கொடுத்துக் காட்டெருமைத் தோல்களை வாங்கிச் சென்றனர். அதனால் ஆதிக்குடிகள் அடைந்த சீரழிவு கொஞ்சமன்று. 1873 மே மாதத்தில், மக்டொனால்ட் பிரதமராயிருந்த காலத்தில், வடமேற்குக் குதிரைப் பொலிஸ் படையை அமைக்கும் சட்டம் நிறைவேறிற்று. அடுத்த மாதமே சைப்பிரஸ் குன்றுகளில் ஓநாய் வேட்டைக்காரர் சிலர் அசினிபோயின் மக்கள் இருபதின்மருக்கு மேற்பட்டோரைச் சுட்டுக் கொன்றனர். அச்செய்தி தலைநகரை எட்டியபின் ஆட் சேர்ப்பதில் வேகம் பிறந்தது. முதலிற் சேர்ந்த 150 பேரும் அவ்வாண்டின் இலையுதிர் காலத்திலேயே சுப்பீரியர் ஏரியைக் கப்பலிற் கடந்து, ஏரிகளும் காடுகளும் மாறி மாறி வரும் டோசன் பாதை வழியாக மனிற்றோபாவை அடைந்து பனிக்காலத்தைக் கழித்தனர். மற்றையோர் அடுத்த ஆண்டு, இன்று நம்மவர் பல்லாயிரவர் வாழும் ரொறன்ரோ நகரிலிருந்து புகையிரதமேறினர். சிக்காகோ வழியாக அந்நிய மண்ணிற் செல்ல வேண்டியிருந்தமையால், சீருடையை மூட்டைகட்டிவிட்டுச் சாதாரண உடையிலேயே பிரயாணஞ் செய்தனராம்.

1874 ஜூலை 8ஆந் திகதி, எமர்சனுக்கு அண்மையிலுள்ள டஃபரின் பாசறையிலிருந்து ஆணையாளர் பிரெஞ்ச் தலைமையிற் படை புறப்பட்டது. சுமார் 275 பேர், 310 குதிரைகள், 140க்கு மேற்பட்ட எருதுகள், நூற்றுக்கு மேற்பட்ட செந்நதி வண்டிகள், இரண்டு பீரங்கிகள். குமாஸ்தாக்களும், உழவர்களும், மாணவர்களுமாகச் சேர்ந்த அவ்விளைஞருட் பலர் அதற்கு முன் புல்வெளியைக் கண்டவரல்லர். செந்நதி வண்டியைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அதில் இரும்பு என்பது கிடையாது. எல்லாம் மரமும் தோலுமே. அச்சுக்கு எண்ணெயிட்டாற் புழுதி ஒட்டிக்கொள்ளுமென்று எண்ணெயும் இடுவதில்லை. நூறு வண்டிகள் ஒருங்கே கிறீச்சிட்டுச் செல்லுகையில் எழுந்த ஓசையை வாசகர் தாமே கற்பனை செய்துகொள்ளட்டும்.

முதற் சில நாட்களின் உற்சாகம் விரைவில் அடங்கிற்று. கிழக்கே தானியந் தின்று கொழுத்த உயர்சாதிக் குதிரைகள் காய்ந்த புல்லை உண்டு வாழக் கற்றவையல்ல. அவை ஒவ்வொன்றாக விழுந்தன. நீர்நிலைகள் சிலவற்றைக் காட்டெருமைக் கூட்டங்கள் கலக்கிச் சேறாக்கி வைத்திருந்தன. வேறு சில ஏரிகளிற் சவர் நீர். சவர்க் கிணற்றின் தன்மையை யாழ்ப்பாணத்தவருக்கு நாம் விளக்கவேண்டியதில்லை. அதைக் குடித்தவர்கள் வயிற்றுளைவால் வருந்தினர். செப்டெம்பரிற் குளிர் தொடங்கியதும், ஒவ்வொருவரும் தம் கம்பளிகளில் ஒன்றைக் குதிரைக்குப் போர்த்தும்படி ஆணையாளர் கட்டளையிட்டார். இக்கட்டளை ஒன்றே அப்படையின் நிலையை நமக்கு உணர்த்தப் போதும்.

அவர்கள் தேடிச் சென்றது வூப்-அப் என்னும் விஸ்கி வணிகரின் கோட்டை. தமக்குக் கிடைத்த தகவலை நம்பி, போ நதி தென் சஸ்கச்சுவானுடன் கூடுமிடத்தை அடைந்தபோது, அங்கே கூரையற்ற பாழ்ங்குடில்கள் சிலவே நின்றன. கோட்டை இருந்ததோ இன்னும் மேற்கே, பல நாட் பயண தூரத்தில்! வனாந்தரம், வனாந்தரம் என்று நாமும் எழுதிவிடுகிறோம். ஆனால் அங்கே பிறந்து வளர்ந்த பிளாக்பூட் மக்களுக்கு அது வனாந்தரமன்று, ஒவ்வொரு மேடும் ஓடையும் அறிந்த சொந்த நிலம். வழி தவறியவர்கள் வந்தவர்களே.

செய்வதறியாது எல்லையை நோக்கித் திரும்பினர். பிரெஞ்சும் உதவி ஆணையாளர் மக்லவுடும் மொன்றானாவிலுள்ள பென்ரன் கோட்டைக்குச் சென்று உணவுப் பொருளுடன் ஒரு வழிகாட்டியையும் தேடிக்கொண்டனர். அவர்தாம் ஜெரி பொற்ஸ். தந்தை ஸ்கொத்லாந்தியர், தாய் பிளாக்பூட் இனக்கூட்டத்தைச் சேர்ந்த கைனாய்ப் பெண். அவர் தேசப்படத்தை நாடியவரல்லர். பேச்சும் மிகச் சொற்பம். “அந்த மேட்டுக்கு அப்பால் என்ன இருக்கிறது?” என்று களைத்துப்போன ஒருவர் கேட்க, “இன்னொரு மேடு” என்று விடையிறுத்ததாக ஒரு கதை வழங்குகிறது. படையை நல்ல நீரும் புல்லும் உள்ள வழியே நடத்தி, ஒக்ரோபர் 9ஆந் திகதி வூப்-அப்பின் வாசலிற் கொண்டுபோய் நிறுத்தினார். பீரங்கியை ஆயத்தஞ் செய்து உள்ளே புகுந்தவர்களுக்கு ஒரு துளி விஸ்கியும் அகப்படவில்லை. வணிகர்கள் முன்னரே அறிந்து அகற்றிவிட்டனர்.

பனி விழுமுன் ஓல்ட்மன் ஆற்றிலுள்ள தீவொன்றில் மக்லவுட் கோட்டை எழுந்தது. விஸ்கி வாணிபமும் ஒடுங்கிற்று. அதற்காகப் படையினரை நன்றியோடு ஏற்ற பிளாக்பூட் தலைவர்கள் 1877இற் செய்துகொண்ட உடன்படிக்கையால் அப்பரந்த நிலம் அவர்கள் கையை விட்டுப் போயிற்று. காட்டெருமைகளும் சில ஆண்டுகளுள் அருகி மறைந்தன. சட்டம் நன்மையை மட்டுமே கொண்டுவந்தது என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. பொற்ஸ் 1896இல் இறக்கும்வரை இருபத்திரண்டு ஆண்டுகள் படையினருக்கு வழிகாட்டியாகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்தார். மக்லவுடிலேயே இராணுவ மரியாதையுடன் அவரை அடக்கஞ் செய்தனர்.