ஐந்து ஸ்டேஷன், ஐம்பத்து மூன்று வருஷம்

லண்டன் பாதாள ரயில் மேப்பில் பச்சைக் கலரில் ஓடுகிற கோட்டுக்கு டிஸ்ட்ரிக்ட் லைன் என்று பெயர். நம்ம ஆட்கள் நிறையப் பேர் குடியிருக்கும் ஈஸ்ட்ஹாமில் ஏறி ஜன்னலோரம் பிடித்துவிட்டால், மேற்கே கடைசி ஸ்டேஷனான ஈலிங் பிராட்வே வரை வண்டி மாறாமல் போகலாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ரோலிங் ஸ்டோன்ஸ் என்கிற உலகப் புகழ் ராக் குழுவின் ஜாதகத்தில் முக்கால்வாசி இந்தப் பச்சைக் கோட்டின் மேலேயே இருக்கிறது.

நான் தங்கியிருந்த வீட்டு நண்பன் தலையில் அடித்துக்கொண்டான்.

"ஏண்டா, லண்டன் வந்தா மனுஷன் பிக் பென் பார்ப்பான், அரண்மனை பார்ப்பான். நீ ஒரு நிலவறையையும் பூட்டின கதவையும் பார்க்க டிக்கெட் எடுக்கிறியே!"

எடுத்தேன்.

ஈலிங் பிராட்வே ஸ்டேஷனுக்கு எதிர் வாடையில், கடைகளுக்கு நடுவே ஒரு சின்ன சந்து. படி இறங்கினால் ஒரு நிலவறை. 1962 மார்ச்சில் அலெக்ஸிஸ் கார்னர் என்பவர் இங்கே ஒரு புளூஸ் கிளப் ஆரம்பித்தார். புளூஸ் என்றால் அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோகப் பாட்டு. காதல் போச்சு, காசு போச்சு வகையறா. அதைக் கேட்க லண்டன் வெள்ளைக்காரப் பையன்கள் முட்டி மோதினார்கள். உள்ளே காற்றோட்டம் கிடையாது. கூட்டம் சேரச் சேரக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுமாம். இன்றைக்குச் சுவரில் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. அதன் கீழே நின்று ஒருத்தர் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார். சரித்திரத்தின் கதி எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

இந்த நிலவறையில்தான் மிக் ஜாகரும் கீத் ரிச்சர்ட்ஸும், பிரையன் ஜோன்ஸ் என்ற கிடார்க்காரரை முதன்முதலாகப் பார்த்தார்கள். கார்னர் குழுவில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தவர் சார்லி வாட்ஸ். அடுத்த வருஷ ஆரம்பத்தில் அவரும் வந்து சேர, கூட்டணி ரெடி. ஜாகர் அப்போது லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் மாணவர். படிப்பைப் பாதியில் விட்டவர். பி.காம்.மை முழுசாக முடித்த நான் இங்கே ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்கிறேன்.

அவர்கள் அன்றைக்குச் சொந்தமாக எதுவும் எழுதவில்லை. சிகாகோவின் செஸ் கம்பெனி இசைத்தட்டுகளைத் தேயத் தேயக் கேட்டு, அப்படியே வாசிப்பார்கள். மட்டி வாட்டர்ஸ், ஹௌலின் வுல்ஃப், லிட்டில் வால்டர் என்று தனித்தனி தெய்வங்கள். குழுவின் பெயரே மட்டி வாட்டர்ஸின் ஒரு பாட்டிலிருந்து எடுத்தது. 1964-ல் வந்த முதல் எல்.பி.யில் ஜாகர் - ரிச்சர்ட்ஸ் பெயரில் இருந்தது ஒரே ஒரு பாட்டு. மற்றதில் பெரும்பகுதி அடுத்தவர் சரக்கு. இதற்குத்தான் கவர் வெர்ஷன் என்று பெயர். நம்மூர் மெல்லிசைக் குழு செய்வதுதான். இங்கிலீஷில் சொன்னால் கௌரவமாக இருக்கிறது.

ஈலிங்கில் திரும்ப ரயில் ஏறினேன். ஈலிங் காமன், ஆக்டன் டவுன், சிஸ்விக் பார்க், டர்ன்ஹாம் கிரீன். டர்ன்ஹாம் கிரீனில் பச்சைக் கோட்டோடு இன்னொரு கிளை வந்து சேரும்; அது ரிச்மண்டிலிருந்து வருவது. அந்த ரிச்மண்ட் ஸ்டேஷன் எதிரே இருந்த ஹோட்டலில்தான் 1963-ல் ஞாயிறுதோறும் ஸ்டோன்ஸ் வாசித்தார்கள். பீட்டில்ஸே வந்து வேடிக்கை பார்த்தார்கள். ஸ்டோன்ஸ் பெரிய ஆளாகிக் கிளம்பியதும் அந்த இடத்தைப் பிடித்த குழுவில் ஒரு பொடியன், எரிக் கிளாப்டன். பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

அடுத்தது ஸ்டாம்ஃபோர்ட் புரூக். ஈலிங்கிலிருந்து ஐந்தாவது ஸ்டேஷன். இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் பிரிட்டிஷ் குரோவ் என்ற குறுகலான தெரு. அங்கே அதே பெயரில் ஒரு ரெக்கார்டிங் ஸ்டூடியோ. சொந்தக்காரர் டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் புகழ் மார்க் நாஃப்ளர். பழைய இ.எம்.ஐ. மிக்ஸிங் மேஜைகளைத் தேடிப் பிடித்து வந்து வைத்திருக்கும் மனிதர். நம்மை உள்ளே விட மாட்டார்கள். கதவைப் பார்த்துக்கொண்டு இரண்டு நிமிஷம் நின்றேன். நண்பன் சொன்னது சரிதான், கதவு பூட்டித்தான் இருந்தது.

2015 டிசம்பரில் ஸ்டோன்ஸ் இந்தக் கதவைத் திறந்துகொண்டு போனது புதுப் பாட்டு பதிவு செய்ய. சொந்த ஆல்பம் வந்து பத்து வருஷம் ஆகியிருந்தது. ஆனால் அறை புதுசு, சத்தம் சரியாக உட்காரவில்லை. சும்மா கையைச் சூடாக்கிக்கொள்ளலாம் என்று ரிச்சர்ட்ஸ், லிட்டில் வால்டரின் பழைய பாட்டு ஒன்றை எடுத்தார். 'புளூ அண்ட் லோன்சம்'. வாசித்து முடித்ததும் அறையே வேறு மாதிரி ஒலித்தது. ஜாகர், இன்னொன்று வாசிக்கலாமே என்றார். இன்னொன்று. இன்னும் ஒன்று.

மூன்றே நாள். பன்னிரண்டு பாட்டு. எல்லோரும் ஒரே அறையில் சேர்ந்து வாசித்தது. பிற்பாடு ஒட்டு வேலை, மேல்பூச்சு எதுவும் கிடையாது. பக்கத்து அறையில் தன் வேலையாக வந்திருந்தவர் யார்? ரிச்மண்ட் பொடியன் கிளாப்டன், வயது 70. அவரையும் இழுத்துப்போட்டு இரண்டு பாட்டுக்குக் கிடார் வாசிக்க வைத்தார்கள்.

ஆபீஸில் நம்மைப் பார்த்து, "மூணு நாள்ல முடிச்சுடலாமே சார்" என்று சொல்லும் மேனேஜர்கள் இதை உதாரணம் காட்டலாம். காட்டினால் சொல்லுங்கள்: மூன்று நாள் வேலைதான். ஆனால் ஈலிங்கில் ஏறி ஐந்தாவது ஸ்டேஷனில் இறங்க அவர்களுக்கு ஐம்பத்து மூன்று வருஷம் பிடித்தது.

கணக்குப் படித்தவனுக்கு எதைப் பார்த்தாலும் வரவு, செலவு. ஒரு பாட்டை வேறொருவர் பாடினால் ராயல்டி பாட்டை எழுதியவருக்குப் போகும்; முதலில் பாடிப் புகழாக்கியவர் அதை எழுதியிருக்காவிட்டால் அவருக்கு அதில் பைசா கிடையாது. எழுதியவருக்காவது ஒழுங்காகப் போனதா? சிகாகோவின் வில்லி டிக்ஸன் எழுதிய இரண்டு பாட்டு இந்த ஆல்பத்தில் இருக்கிறது. தன் பாட்டுக்குச் சேர வேண்டிய பணத்துக்காக அவர் 1970-களில் கோர்ட் படி ஏறவேண்டியிருந்தது. தன்னைப் போன்ற பழைய கலைஞர்களுக்காக ஒரு அறக்கட்டளையும் தொடங்கினார். 1992-ல் அவர் காலமானார். மறு வருஷம் அவர் மனைவி, செஸ் கம்பெனி முன்பு இயங்கிய கட்டிடத்தையே அந்த அறக்கட்டளைக்காக வாங்கினார். எந்தக் கம்பெனிக்காக உழைத்தாரோ, அந்த முகவரியில் இன்று அவர் பெயர்!

ஸ்டோன்ஸ் பக்கமும் ஒரு பற்று உண்டு. 1965-ல் 'ஷிண்டிக்' என்ற அமெரிக்க டி.வி. நிகழ்ச்சி அவர்களைக் கூப்பிட்டது. ஹௌலின் வுல்ஃபும் பாடினால்தான் வருவோம் என்றார்கள். 54 வயசு மனிதர், அமெரிக்காவின் சொந்தப் பாடகர், இங்கிலாந்துப் பையன்களின் சிபாரிசில் அந்த மேடையில் ஏறினார். பையன்கள் அவர் காலடியில் உட்கார்ந்து கேட்டார்கள். 2016 டிசம்பரில் வெளியான 'புளூ அண்ட் லோன்சம்' ஆல்பத்திலும் வுல்ஃபின் பாட்டு இரண்டு. லிட்டில் வால்டருடையது நான்கு. ஜாகர் - ரிச்சர்ட்ஸ் பெயரில் ஒன்றுகூட இல்லை. அவர்கள் எழுதிய பாட்டே இல்லாத ஸ்டூடியோ ஆல்பம் அதற்கு முன் வந்ததில்லை. பிரிட்டனில் அது முதலிடம் பிடித்தது. 2018-ல் கிராமி விருதும் வாங்கியது.

ஊர் திரும்பிய பிறகு ஆல்பத்தை மறுபடி கேட்டேன். ஜாகரின் மவுத் ஆர்கனில் ஒரு கிழட்டுச் சூடு இருக்கிறது. லிட்டில் வால்டர் 1968-ல் செத்துப்போனபோது வயது 37. அவர் பாட்டை வாசிக்கும் சிஷ்யனுக்கு 72. இருபது வயதில் இந்தச் சோகமெல்லாம் இவர்களுக்கு இரவல். ஜோன்ஸ் 1969-லேயே போய்விட்டார். எத்தனை பேரைப் புதைத்து, எத்தனை பேரோடு பிரிந்து வந்து பாடும்போது, வரி அடுத்தவருடையதானாலும் வலி சொந்தம். ஆல்பம் முழுக்கப் பின்னால் அலட்டிக்கொள்ளாமல் தட்டிக்கொண்டிருப்பவர் 74 வயது வாட்ஸ். 2021 ஆகஸ்டில் அவரும் போய்விட்டார். அவர் இருக்கும்போது வெளியான கடைசி ஸ்டூடியோ ஆல்பம் இதுவாகிப்போனது.

புதுப் பாட்டு ஆல்பம் ஒருவழியாக 2023-ல் வந்தது. அதில் கடைசிப் பாட்டு மட்டும் பழசு: மட்டி வாட்டர்ஸின், குழுவுக்குப் பெயர் கொடுத்த அந்தப் பாட்டு. அதுவரை அதை அவர்கள் பதிவு செய்ததே இல்லை. ஜாகர், ரிச்சர்ட்ஸ் இரண்டே பேர். ஒரு கிடார், ஒரு மவுத் ஆர்கன்.

1962-ல் கைமாற்றாக வாங்கிய பெயர். 61 வருஷம் கழித்து ரசீது எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.