வாழைமர நோட்டு

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பர்மாத் தேக்குத் தூண், எனாமல் தூக்கு, ரவிவர்மா படம் என்று, இடித்த வீடுகளின் மிச்சமெல்லாம் அங்கேதான் வந்து சேரும். போன மாதம் ஒரு கடையில் பிஸ்கட் டப்பா நிறைய நோட்டுகள் கிடந்தன.

"எடுத்துப் பாருங்கண்ணே, ஜப்பான் நோட்டு" என்றார் கடைக்காரர்.

மேலாகக் கிடந்தது வாழைமரம் போட்ட பத்து டாலர். 1942-ல் மலாயாவைப் பிடித்ததும் ஜப்பானியர் புழக்கத்தில் விட்டது. முதலில் அச்சிட்டவற்றில் வரிசை எண் உண்டு. பிறகு எண்ணை விட்டுவிட்டு, மலாயாவுக்கு 'எம்', பர்மா ரூபாய்க்கு 'பி' என்று தொடங்கும் எழுத்துகளை மட்டும் போட்டார்கள். சேகரிப்பவர்கள் எண் உள்ளதைத் தேடிப்பிடித்து நல்ல விலை கொடுப்பார்கள். எனக்கு எண் இல்லாததுதான் வேண்டும். 2009-ல் ஜிம்பாப்வே அடித்த நூறு லட்சம் கோடி டாலர் நோட்டில் 14 சைபர்கள் இருக்கின்றன, பார்த்தவர் வாய்பிளப்பார். இந்த நோட்டில் சைபர் ஒன்றே ஒன்றுதான். ஆனால் எத்தனை அடித்தோம் என்று எண்ணக்கூட மாட்டேன் என்றது ஓர் அரசாங்கம். பணம் செத்துப்போவதை அதைவிடத் தெளிவாக எந்தத் தாளிலும் நான் பார்த்ததில்லை.

எங்கள் ஐயா பினாங்கில் ஒரு வட்டிக்கடையில் அடுத்தாளாக, அதாவது உதவியாளராக, இருந்தவர். சண்டைக்கு முன்னால் நல்ல டாலரில் கடன் வாங்கியவர்கள், ஜப்பான்காரன் காலத்தில் கட்டுக்கட்டாக வாழைமர நோட்டைக் கொண்டுவந்து அடைத்தார்கள். வாங்க மறுக்க முடியாது. பேரேட்டில் முதல் சரி, வட்டி சரி. அடமானப் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. "நோட்டு இருந்துச்சப்பா, அரிசிதான் இல்லை" என்பார் ஐயா. ஊருக்கு எழுதவும் வழியில்லை, தபால் நின்றுபோயிருந்தது. 1945-ல் வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் அந்த நோட்டு செல்லாது என்றாகிவிட்டது. அப்படி அடைத்த கடன்களில் எது செல்லும், எவ்வளவு செல்லும் என்று தீர்க்க 1948-ல் மலாயாவில் தனிச்சட்டமே போட வேண்டியிருந்தது.

வட்டிக்குக் கொடுத்தவர்மேல் யாருக்கும் இரக்கம் வராது; வர வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. 1930-களின் முடிவில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்வாசி நிலம், அடைபடாத கடனுக்கு ஈடாக, அங்கே வட்டிக்குக் கொடுத்துவந்த செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. நிலத்தை இழந்த பர்மியக் குடியானவனுக்கும் ஒரு கணக்கு உண்டு. அதையும் சேர்த்துத்தான் இந்தக் காலத்தைப் படிக்க வேண்டும்.

டப்பாவிலிருந்த நோட்டுகளை மொத்தமாக வாங்கினேன். எந்த வீட்டிலிருந்து வந்தவை, கூடவே ஏடு ஏதும் இருந்ததா என்று கேட்டேன்.

"ஏட்டையெல்லாம் எடைக்குப் போட்டுட்டாங்கண்ணே."

இப்படி நோட்டு கிடக்கும் பெட்டகங்கள் செட்டிநாட்டில் இன்னும் உண்டு. வீட்டைப் பிரிக்கும்போது நோட்டை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு ஏட்டை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எந்தப் பேரேட்டுக்குள் அந்த நோட்டு இருந்ததோ, அதற்குள்ளேயே இருக்கட்டும்.