ஹென்றி பெமிஸ் என்கிற கேஷியர்

ஒரு கேஷியரைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுத ஆரம்பித்தபிறகுதான் இரண்டு கேஷியர்கள், இல்லை மூன்று பேர் என்று தெரிகிறது. பொறுமையாகப் படியுங்கள்.

நாக்பூருக்கு மாற்றலாகி வந்தது 2021ல். வீட்டம்மாவும் பெண்ணும் திருநெல்வேலியில். பெண்ணின் படிப்பு முடியும்வரை இப்படித்தான் என்று முடிவாகிவிட்டது. ஆபீஸ் விட்டு அறைக்கு வந்தால் எட்டு மணி. ஒரு குக்கர், ஒரு லேப்டாப், ஊரிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டுவந்த நாற்பது புத்தகங்கள். தனியாக இருக்கப்போகிறோம், எல்லாவற்றையும் படித்துத் தள்ளிவிடலாம் என்று நினைத்துத்தான் கொண்டுவந்தேன். எத்தனை படித்தேன் என்று கேட்காதீர்கள் :-)

படிப்பதற்குப் பதில் பழைய சீரியல் பார்க்கிற பழக்கம்தான் ஒட்டிக்கொண்டது. 'மர்மதேசம்' பார்த்து, ராத்திரி கொல்லைப்பக்கம் போகப் பயந்த தலைமுறை நாங்கள். அந்த ருசியில் தேடியபோது 'த ட்விலைட் ஸோன்' கிடைத்தது. அமெரிக்காவில் சி.பி.எஸ். சானலில் 1959 முதல் 1964 வரை வந்த கறுப்பு வெள்ளைத் தொடர். மொத்தம் 156 கதைகள், ஒவ்வொன்றும் தனி. பேய், பிசாசு, வேற்றுக்கிரகம், பேசும் பொம்மை எல்லாம் உண்டு. அதில் 1959 நவம்பர் 20ஆம் தேதி ஒளிபரப்பானது 'டைம் எனஃப் அட் லாஸ்ட்'. ஒருவழியாக நேரம் கிடைத்தது என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். முடிவைச் சொல்லப்போகிறேன், அதனால் பார்த்துவிட்டுத்தான் படிப்பேன் என்கிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அரைமணி நேரச் சமாச்சாரம்தான்.

ஹென்றி பெமிஸ் பேங்க் கேஷியர். சோடாப்புட்டிக் கண்ணாடி. படிப்பு என்றால் பைத்தியம். கவுண்டரில் உட்கார்ந்துகொண்டு டிக்கன்ஸின் 'டேவிட் காப்பர்ஃபீல்ட்' படிக்கிறார். பணம் வாங்க வந்த அம்மாவிடம் அதன் கதையை வேறு சொல்லத் தொடங்கி, பணத்தைக் குறைவாக எண்ணிக் கொடுத்துவிடுகிறார். மேனேஜர் கூப்பிட்டு வாங்கு வாங்கு என்று வாங்குகிறார். வீட்டில் மனைவி அதற்குமேல். ஆசையாகப் பேசி, ஒரு கவிதைப் புத்தகத்தை எடுத்துவந்து படிக்கச் சொல்கிறாள். பாவம், சந்தோஷமாகத் திறக்கிறார். எல்லாப் பக்கத்திலும் மசியால் கிறுக்கி வைத்திருக்கிறாள்!

மறுநாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் யார் தொந்தரவும் இல்லாமல் படிக்க பேங்க்கின் ஸ்ட்ராங் ரூமுக்குள் போய் உட்காருகிறார். வெளியே ஹைட்ரஜன் குண்டு விழுகிறது. ஊரே காலி. ஸ்ட்ராங் ரூமுக்குள் இருந்ததால் இவர் மட்டும் உயிரோடு.

(இங்கே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒற்றை ஆள் டிபன் டப்பாவோடு ஸ்ட்ராங் ரூமுக்குள் போவதாவது! எங்கள் கிளையில் இரண்டு சாவி, இரண்டு பேர், ரிஜிஸ்டரில் இரண்டு கையெழுத்து. இன்ஸ்பெக்ஷன்காரர் இந்தக் கதையைப் பார்த்தால் குண்டை விட்டுவிட்டு ஜாயிண்ட் கஸ்டடியைப் பற்றித்தான் ரெண்டு பக்கம் எழுதுவார்.)

தனிமை தாங்காமல் தற்கொலைவரை போனவர் கண்ணில் நூலகம் படுகிறது. கட்டடம் இடிந்திருக்கிறது, புத்தகங்கள் இருக்கின்றன. இந்த மாதத்துக்கு இது, அடுத்த மாதத்துக்கு அது என்று வருஷக்கணக்குக்கு அடுக்கிவைக்கிறார். மனைவி இல்லை, மேனேஜர் இல்லை, நேரம்தான் நேரம். கீழே கிடக்கும் ஒரு புத்தகத்தை எடுக்கக் குனிகிறார். கண்ணாடி விழுந்து உடைகிறது. அவ்வளவுதான் கதை.

மூலக்கதை லின் வெனபிள் என்கிற பெண் எழுத்தாளருடையது. 'இஃப்' என்ற அறிவியல் புனைகதைப் பத்திரிகையில் 1953ல் வந்தது. அதை டிவிக்கு எழுதியவர் ராட் செர்லிங், தொடரை உருவாக்கியவரும் அவரே. டைரக்டர் ஜான் ப்ராம் ஜெர்மனியில் பிறந்தவர், நாஜிகள் ஆட்சிக்கு வந்தபின் நாட்டைவிட்டுக் கிளம்பிய கலைஞர்களில் ஒருவர். அந்த இடிந்த ஊரை அவர் காட்டுகிற விதத்தில் வேடிக்கையே இல்லை. பெமிஸாக நடித்தவர் பர்ஜஸ் மெரிடித். 'ராக்கி' படத்தில் ஸ்டாலோனுக்குப் பயிற்சி கொடுக்கும் கிழவர் ஞாபகம் இருக்கிறதா? அவரேதான்.

செர்லிங் கதை தனிக்கதை. இரண்டாம் உலகப்போரில் பாராசூட் படையில் சேர்ந்து பிலிப்பைன்ஸில் சண்டை போட்டவர். திரும்பிவந்து டிவி நாடகங்கள் எழுதிப் பெயர் வாங்கினார். 1955ல் மிஸிஸிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயது கறுப்பினச் சிறுவனை அடித்துக் கொன்றார்கள். கொன்றவர்களை ஜூரி விடுதலை செய்தது. அந்த ஆத்திரத்தில் செர்லிங் ஒரு நாடகம் எழுதினார். விளம்பரதாரர்கள் பயந்தார்கள். தென்மாநிலங்களின் வாடையே வரக்கூடாது என்று கதையை நியூ இங்கிலாந்துக்குத் தூக்கிக்கொண்டு போய், உப்புச் சப்பில்லாமல் ஆக்கி 1956ல் ஒளிபரப்பினார்கள். மனுஷன் வெறுத்துப்போனார். நேராகச் சொன்னால்தானே வெட்டுவார்கள், வேற்றுக்கிரகத்து ஆள் வாயில் வைத்துச் சொன்னால்? 'ட்விலைட் ஸோன்' பிறந்ததில் இந்த எரிச்சலுக்குப் பெரிய பங்கு. 156ல் 92 கதைகள் அவரே எழுதினார். ஓயாமல் சிகரெட். 1975ல் இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு, 50 வயதில் போய்விட்டார்.

போனில் வீட்டம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "ஏங்க, அந்தாளு பொண்டாட்டி ஏன் புஸ்தகத்துல கிறுக்குனாளாம்? அத யாராச்சும் கேட்டாங்களா?" என்றாள். யாரும் கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை. வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆளோடு எத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினாளோ. செர்லிங் அவளை வில்லியாக்கிவிட்டுப் போய்விட்டார். "நீங்க சாப்பிட்டாச்சா?" என்று அடுத்து கேட்டாள். சாப்பிடவில்லை.

சரி, மூன்றாவது கேஷியருக்கு வருகிறேன்.

இரண்டாவது நான்தான். 2004ல் கிளார்க்காகச் சேர்ந்த புதிதில் கவுண்டர் டிராயரைப் பாதி திறந்துவைத்து சுஜாதா படித்தவன். ஒருநாள் ஆயிரம் ரூபாய் இடித்தது. அப்போது அது என் சம்பளத்தில் பெரிய துண்டு. கைக்காசைப் போட்டுக் கணக்கை முடித்தேன். அதனால் பெமிஸைப் பார்த்தவுடன் 'நம்ம ஆளு' என்று தோன்றியது. பாதிக் கதை தாண்டியபின்தான் உறைத்தது. அதில் நான் இப்போது பெமிஸ் இல்லை, அந்த மேனேஜர்.

எங்கள் கிளையில் ஒரு ஹெட் கேஷியர் இருந்தார். எல்லோரும் காகா என்றுதான் கூப்பிடுவார்கள். மராத்தியில் சித்தப்பா. (நம்மூரில் அப்படிக் கூப்பிட்டால் சண்டைக்கு வருவார்கள்.) 2022 தீபாவளி வாரம், கூட்டம் கதவுவரை. சாயங்காலம் கேஷ் டாலி செய்தால் ஐயாயிரம் குறைகிறது. மூன்று தடவை எண்ணியாயிற்று. வவுச்சரெல்லாம் பார்த்தாயிற்று. ஏதோ தேடப்போய் காகாவின் டிராயரை இழுத்தேன், உள்ளே தடிமனாக ஒரு மராத்தி நாவல். எனக்கு ஏறியது பாருங்கள் ஒரு கோபம்... எல்லோர் முன்னாலும் கத்தினேன். மறுநாள் மெமோவும் கொடுத்தேன். 'பணி நேரத்தில் கவனக்குறைவு' என்று நானே டைப் அடித்தேன். காகா எதுவும் பேசவில்லை. ஐயாயிரத்தைக் கட்டினார். மெமோவை வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டார். அவருடைய கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும்.

பத்து நாள் கழித்து ஒரு காய்கறி வியாபாரி வந்து, அன்றைக்கு ஐயாயிரம் கூடுதலாக வந்துவிட்டது என்று திருப்பிக் கொடுத்தார். நல்ல மனுஷன். அவர் பணம் வாங்கியது காகாவின் கவுண்டரிலேயே இல்லை, பக்கத்துக் கவுண்டரில். அந்தப் பையன் காகாவிடமிருந்து கட்டாக வாங்கியதை எண்ணாமல் கொடுத்திருக்கிறான். காகாவுக்குப் பணம் திரும்பியது. மெமோ ஃபைலிலேயே இருந்தது. அதை எடுக்க வழி உண்டா என்று நான் விசாரிக்கவில்லை. இயர் எண்டிங் வேலை, அது இது என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன். புத்தகம் டிராயரில் இருந்தது உண்மை. அன்றைக்கு அவர் அதைத் திறந்தாரா என்று நான் கேட்கவே இல்லை. 2023 மார்ச்சில் ரிடையர் ஆனார். வழியனுப்பு விழாவில் நான்தான் சால்வை போட்டேன்.

கதையை நான் பார்த்தது அதற்குப் பிறகு, அந்த மே மாதம். வெளியே 44 டிகிரி, கூலர் கத்திக்கொண்டிருந்தது. மேனேஜர் அறையில் பெமிஸ் தலைகுனிந்து நிற்கிற இடத்தில் நிறுத்திவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

நவம்பரில் காகா லைஃப் சர்டிபிகேட் கொடுக்க வந்தார். பென்ஷன்காரர்கள் எல்லோரும் வருகிற மாதம். கேபினுக்குள் கூப்பிட்டு உட்காரவைத்து டீ சொன்னேன். கையில் பை. அதற்குள் அதே தடி நாவல். என்ன புத்தகம் என்று கேட்டேன். 'யயாதி' என்றார், காண்டேகருடையது.

"காண்டேகரா? எங்கப்பா படிச்சிருக்காரே!" என்றேன். நம்பவில்லை. கா.ஸ்ரீ.ஸ்ரீ. என்று ஒருவர் காண்டேகரைத் தமிழில் கொண்டுவந்ததையும், அப்பா தலைமுறையில் வீட்டுக்கு வீடு அந்தப் புத்தகங்கள் இருந்ததையும் எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துபோயிற்று. காண்டேகர் தமிழ்நாட்டிலுமா என்று இரண்டு தடவை கேட்டார். 'யயாதி' முதலில் வெளிவந்ததும் அந்த 1959ஆம் வருஷம்தான். இன்னும் கொஞ்சம் வாலிபம் வேண்டும் என்று பெற்ற பிள்ளையிடமே கடன் வாங்கிய ராஜாவின் கதை.

"இப்போ நேரம் நிறைய இருக்குமே காகா, நல்லா படிக்கலாமே" என்றேன்.

சிரித்தார். "இல்லை சாப். காலையில் எடுத்து உட்கார்ந்தால் ரெண்டு பக்கத்தில் தூக்கம் வருது. பேங்க்கில் லஞ்ச் டைமில் இருபது நிமிஷம் கிடைக்கும். அதில் படிச்ச மாதிரி வரலை. இது மூணாவது தடவை. அந்த டிராயரில் இருந்தபோது இருநூறு பக்கம்வரை வந்திருந்தேன்."

லஞ்ச் டைமில் என்றார். குத்திக்காட்டிச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். மெமோவைப் பற்றிப் பேச நான் வாயெடுப்பதற்குள் கையை ஆட்டி, டீயில் இஞ்சி போட்டிருக்கிறார்களே, நான் இருந்தபோது போடமாட்டார்களே என்றார். அதற்குள் கவுண்டரிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். போய்விட்டு வந்தபோது காலி கிளாஸ் மட்டும் இருந்தது.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். செர்லிங் 1961ல் அதே பர்ஜஸ் மெரிடித்தை வைத்து 'த அப்ஸலீட் மேன்' என்று இன்னொரு கதை எழுதினார். புத்தகங்களைத் தடைசெய்த ஒரு அரசாங்கம், மரண தண்டனை விதிக்கப்பட்ட ஒரு நூலகர். அதில் கடைசிவரை அந்த ஆள் தோற்கவில்லை. பெமிஸுக்குச் செய்ததற்கு மனுஷன் பரிகாரம் பண்ணினாரோ என்று எனக்கு ஒரு எண்ணம். ஆதாரமெல்லாம் இல்லை.

போன வாரம் ஊருக்கு போன் பண்ணி, அப்பாவின் அலமாரியில் காண்டேகர் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். மூன்று இருக்கிறதாம், ஒன்றில் அட்டையைக் கரையான் தின்றிருக்கிறதாம். அந்த ஒன்றைத்தான் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். காகாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. சும்மா காட்டலாம் என்றுதான்.